கண் நமக்குத் தெற்கே கடக்கிறதா, வடக்கே கடக்கிறதா: சென்னையில் கடலேற்றம்

கேள்வி இது: "கொட்டிவாக்கத்தில் கடலிலிருந்து நானூறு மீட்டரில், தரைத்தளத்தில் குடியிருக்கிறோம். வயதான அம்மாவும் உடன் இருக்கிறார். வர்தா புயலிலேயே எங்கள் தெருவுக்குக் கடல் வரவில்லை. புயலோடு கடலும் ஊருக்குள் வரும் என்கிறார்களே, சென்னையில் அது நடக்குமா? நடந்தால் என்ன செய்ய வேண்டும்?"

நடக்கும். அதற்கு வர்தாவை அளவுகோலாக வைக்கவே வைக்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தாவின் கண், அதாவது புயலின் நடு மையம், சென்னை மேலேயே கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் காற்று வேகத்தில் அதைவிட எவ்வளவோ சாதாரணப் புயல், எழுபது எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் அந்த இரவில் கடல் மெரினாவின் மணலைத் தாண்டி வந்து, மாற்றுத்திறனாளிகளுக்காகச் சில நாட்கள் முன்புதான் திறந்திருந்த மரப்பாதையைப் பெயர்த்தது. காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. காற்று குறைவாக இருந்தும் கடலின் அடி பலமாக விழுந்ததற்குப் பெரிய காரணம், கண் சென்னைக்குத் தெற்கே கடந்தது. இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றன. புயல் கிழக்கிலிருந்து மேற்காகக் கரையை நோக்கி வரும்போது, கண்ணுக்கு வடக்கே இருக்கும் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். அது கொண்டல் காற்று. தண்ணீரை அள்ளிக் கரைமேல் தள்ளும். கண்ணுக்குத் தெற்கே இருக்கும் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், தண்ணீரை வெளியே தள்ளும். சில நேரம் கடல் உள்வாங்கியதுபோல் தெரியும். (அதைப் பார்க்கக் கரைக்குப் போகாதீர்கள். புயல் நகர்ந்து காற்று திசை மாறினால் தள்ளிய தண்ணீர் திரும்பும்.) ஆகவே செய்தியில் கேட்க வேண்டியது "எத்தனை கிலோமீட்டர் வேகம்" என்பதை மட்டும் அல்ல. கண் நமக்குத் தெற்கே கடக்கிறதா, வடக்கே கடக்கிறதா, எவ்வளவு தொலைவில் என்பதைக் கேளுங்கள். கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் என்று சொன்னால் சென்னைக் கடற்கரை தள்ளும் பக்கத்தில் இருக்கிறது. பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டா என்றால் கடலைப் பொறுத்தவரை நாம் பெரும்பாலும் தப்பும் பக்கம். மழை வேறு கணக்கு.

இதைத் துறைமுகக் கூண்டு எண்ணே சொல்லிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. 1, 2 தொலைதூர எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 5-ம் 8-ம் புயல் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம் இருக்கிறது என்று பொருள். 6-ம் 9-ம் வலப்பக்கம். 7-ம் 10-ம் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. மேற்கு நோக்கி வரும் புயலின் முதுகில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலக்கை வடக்கே நீளும். சென்னைத் துறைமுகத்தில் 6 அல்லது 9 ஏற்றினால் கடல் நம் பக்கம் தள்ளப்படும். 7, 10 ஏற்றினாலும் அதே எச்சரிக்கையோடு இருங்கள், ஏனென்றால் பாதை கடைசி நேரத்தில் சில பத்து கிலோமீட்டர் விலகுவது சாதாரணம்.

கடலேற்றம் வேறு, கடல் சீற்றம் வேறு. சீற்றம் என்பது அலை. வரும், உடையும், திரும்பும். கடலேற்றத்தில் கடல் மட்டமே உயர்ந்து, மணிக்கணக்கில் உயர்ந்தபடியே நிற்கும். அந்த உயர்ந்த மட்டத்தின் மேல் ஏறிக்கொண்டுதான் அலைகள் வரும். சாதாரண நாளில் கரையில் உடையும் அலை அன்று தெருவுக்குள் வந்து உடையும். இதற்கு இரண்டு காரணங்கள். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் சற்று மேலெழும், ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர். நாற்பது மில்லிபார் குறைந்தாலும் நாற்பது சென்டிமீட்டர்தான். மிச்சம் எல்லாம் காற்று தள்ளுவது. காற்றின் வேகம் இருமடங்கானால் அது தண்ணீரைத் தள்ளும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். கடல் ஆழமாக இருந்தால் தள்ளிய தண்ணீர் அடியில் திரும்பிப் போய்விடும்; ஆழம் இல்லாத இடத்தில் போக வழியின்றிக் குவியும்.

அதனால்தான் நாகப்பட்டினத்திலிருந்து பாக் நீரிணை வரையிலான ஆழமற்ற கடல் நம்மைவிட ஆபத்தானது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது காற்றைவிடத் தண்ணீர்தான். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குப் போனது. 1977 நவம்பர் 19 அன்று கிருஷ்ணா கழிமுகத்தில் திவிசீமாவிலும், 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவிலும் புயலில் இறந்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது கடல்நீர். சென்னைக்கு எதிரே கடல் சீக்கிரம் ஆழமாகிவிடுகிறது, அந்த அளவு உயரம் இங்கே எழுவது அரிது. ஆனால் தாழ்வான தெருவுக்கு ஒன்றரை மீட்டரே போதும். கணுக்கால் அளவுக்குச் சற்று மேலே, பதினைந்து சென்டிமீட்டர் வேகமான நீர் ஓடினாலே பெரியவர் ஒருவரைக் கீழே தள்ளும். முப்பது சென்டிமீட்டர் சிறிய காரை நகர்த்தும். அறுபது சென்டிமீட்டரில் பெரும்பாலான வண்டிகள் மிதந்து போகும்.

அறிவிப்பில் வரும் எண்ணைச் சரியாகப் படியுங்கள். "ஒரு மீட்டர் உயரத்துக்குக் கடல் உயரக்கூடும்" என்றால், தினமும் கடல் ஏறி வற்றும் வழக்கமான மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் என்று அர்த்தம். அந்த நேரம் இந்த அன்றாட ஏற்றமும் சேர்ந்து வந்தால் அதையும் கூட்டுங்கள், அலையையும் கூட்டுங்கள். நம் கரையில் அன்றாட ஏற்றம் ஒரு நாளில் இரண்டு முறை, ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேர இடைவெளியில் வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது கூடுதல். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். கரை கடக்கும் நாள் அமாவாசைக்கு ஓரிரு நாள் முன்பின் என்றால் நீங்கள் எடுக்கும் முடிவு ஒருபடி கடுமையாகட்டும். கரை கடக்கும் நேரம் என்று சொல்வதும் கண்ணின் நேரம். தண்ணீர் அதற்குச் சில மணி நேரம் முன்பே ஏறத் தொடங்கிவிடும்.

இனி கொட்டிவாக்கத்துக்கு வருவோம். கடல் நேர் எதிரே இருந்து மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். கடலோரத்தில் பழைய மணல்மேடு இருக்கிறது. பல இடங்களில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) அந்த மேட்டை ஒட்டிப் போகிறது. அதைத் தாண்டி மேற்கே போகப் போக நிலம் பக்கிங்காம் கால்வாயை நோக்கித் தாழ்கிறது. அந்தக் கால்வாய் வடக்கே அடையாற்று முகத்துவாரத்தோடும் தெற்கே முட்டுக்காட்டோடும் தொடர்பு உள்ளது. முகத்துவாரத்தில் கடல் உயர்ந்தால் கால்வாயும் உயரும். முன்வாசலில் மணல் காய்ந்திருக்க, கொல்லைப்புறத்திலிருந்து தண்ணீர் வரும். பதறி மேற்கே ஓடுபவர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிறார் என்பதுதான் இங்கே உள்ள பெரிய ஆபத்து.

இன்னொன்று, சென்னையில் புயல் மழையும் கடலேற்றமும் சேர்ந்து வருவது. கூவம், அடையாறு, கொசஸ்தலை மூன்றும் கடலில்தான் கொட்ட வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாக வந்து கோவளம் முகத்துவாரத்தில்தான் வெளியேற வேண்டும். வெளியே கடல் உயர்ந்து நின்றால் அந்த வாய்கள் எல்லாம் மூடிய கதவு மாதிரி. சாதாரண மழையில் நான்கு மணி நேரத்தில் வடியும் தெரு அன்று வடியாது.

உங்கள் வீடு எவ்வளவு மேடு என்று அறிய போனில் காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். சில மீட்டர் பிசகும், நமக்கோ அரை மீட்டர்கூட முக்கியம். கடலோர மணல் நிலத்தில் தோராயமான வழி ஒன்று உண்டு. தெருவில் பழைய உறைக்கிணறு இருந்தால், பம்ப் ஓடாத நேரத்தில் தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் தெரிகிறது என்று கயிறு விட்டு அளந்து பாருங்கள். கடலுக்கு இவ்வளவு அருகில், அதிகம் உறிஞ்சாத கிணற்றின் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட அதிக உயரத்தில் இருக்காது. இரண்டு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் தெரிந்தால் உங்கள் தரை தாழ்வு. ஐந்து மீட்டர் என்றால் நேரடிக் கடலேற்றக் கவலை வெகுவாகக் குறையும்.

கிளம்புவதா, இருப்பதா? கண் உங்களுக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்குள் கடக்கும் என்று சொல்லி, புயல் 'தீவிர' நிலையில், அதாவது மணிக்கு 89 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், தரைத்தளத்தில் முதியவரோடு இருக்கும் நீங்கள் கிளம்பிவிட வேண்டும் என்பதே என் கருத்து. அரசு கிளம்பச் சொன்னால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே கிளம்புங்கள். நேரம் முக்கியம். வானிலைத் துறை 48 மணி நேரம் முன்பு மஞ்சள், 24 மணி நேரம் முன்பு ஆரஞ்சு, 12 மணி நேரம் முன்பு சிவப்பு என்று படிப்படியாகச் சொல்கிறது. ஆரஞ்சு வந்த பகலிலேயே அம்மாவைக் கொண்டுபோய்விடுங்கள். சிவப்புக்குக் காத்திருந்தால் மரம் விழுந்த தெருவில், மழையில், இருட்டில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஆம்புலன்ஸும் வர முடியாது.

போகும் இடம் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடிப் பக்கத்து உறவினர் வீடு என்றால், கடலுக்குத் தப்பி மழை வெள்ளத்தில் மாட்டுவீர்கள். 2023 மிக்ஜாம் புயல் கரையைத் தொட்டது ஆந்திராவில், பாபட்லா அருகே. ஆனால் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மழையிலேயே மூழ்கியது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் மேடான தெருவில் யாராவது இருந்தால் நல்லது. யாரும் இல்லையென்றால் உங்கள் தெருவிலேயே, கான்கிரீட் தூண் வைத்துக் கட்டிய அடுக்ககத்தின் இரண்டாவது மாடிக்கு மேல் ஒரு வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். ஓட்டு வீடும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையும் கணக்கில் சேராது.

கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியவற்றில் மின்சாரம்தான் முதல். மெயின் சுவிட்சை அணைத்தால் போதாது. இன்வெர்ட்டரையும் அணைத்து அதன் இணைப்பைக் கழற்றுங்கள். மெயின் அணைந்திருந்தாலும் அது வீட்டு வயர்களுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியை முடிந்தால் உயரத்தில் வைக்க வேண்டும். உப்புநீரில் மூழ்கிய பேட்டரி குளோரின் வாயுவை உண்டாக்கும், மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கும். மின்சார ஸ்கூட்டரை எக்காரணத்துக்கும் தரைத்தளத்தில் விடாதீர்கள். உப்புநீர் பட்ட லித்தியம் பேட்டரி நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கிறது.

கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள். நிறைந்த சிலிண்டரும் மிதக்கும்: மொத்த எடை முப்பது கிலோவுக்குள், ஆனால் அது விலக்கும் நீர் அதைவிட அதிகம். மிதந்து அடித்துக்கொண்டு போகும் சிலிண்டர் சுவரில் மோதி வால்வு உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சம்ப்பை நல்ல தண்ணீரால் நிரப்பி, மூடியைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட் போட்டு மேலே மணல்மூட்டை வையுங்கள். மேல்தொட்டியையும் நிரப்புங்கள். கரன்ட் இல்லாத நாட்களில் அந்தத் தண்ணீர்தான் கைகொடுக்கும். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு நாற்பத்தெட்டு லிட்டர், ஆக மூன்று கேன். தரைத்தளக் கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறை வடிகாலிலும் சிறு மணல்மூட்டை அழுத்தி வையுங்கள், கழிவுநீர் திரும்பி மேலே வரும் வழி அதுதான்.

வாசலில் மணல்மூட்டை அடுக்குவது மழைநீருக்குப் பயன்படும். மெதுவாக வரும் ஓர் அடித் தண்ணீரைத் தடுக்கும். கடலை அது நிறுத்தாது. ஒரு மீட்டர் அகலக் கதவுக்கு வெளியே ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால், கதவின் மேல் விழும் அழுத்தம் ஐந்நூறு கிலோ எடைக்குச் சமம். தாழ்ப்பாள் தாங்காது. வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் தள்ளி வெளியே போகவும் முடியாது. கதவை அடைத்துக்கொண்டு உள்ளே பாதுகாப்பாக இருக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அம்மாவின் மருந்து ஒரு வாரத்துக்கு, மருத்துவச் சீட்டின் பிரதியோடு. இன்சுலின் என்றால் தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, ஐஸ் நேரடியாகப் படாமல் துணி சுற்றி வைக்கவும். பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாம் ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் வைத்து கையோடு எடுத்துப் போங்கள். டார்ச், பவர் பேங்க், விசில் எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி வேண்டாம். அழைக்க வேண்டிய எண்கள் மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, மாநகராட்சி 1913, மின்வாரியம் 94987 94987. காகிதத்தில் எழுதி வையுங்கள், போன் அணைந்தால் நினைவில் வராது.

கிளம்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் மேலே போங்கள், வெளியே போகாதீர்கள். தெருவில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு காரை எடுப்பது, கடைசியாக ஒருமுறை கீழே இறங்கிப் பொருள் எடுப்பது, இந்த இரண்டும்தான் ஆளைக் கொல்லும். மாடிப்படிக்கு அருகில், கடல் பார்த்த ஜன்னல் இல்லாத அறையில் இருங்கள். தண்ணீர் ஏறுவதைக் கண்காணிக்கப் படிக்கட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு படிக்கு மேல் ஏறியிருந்தால் இன்னொரு மாடி மேலே போய்விடுங்கள். மொட்டை மாடிக்குக் காற்று அடங்கும்வரை போகாதீர்கள். பறக்கும் தகரம் கழுத்தை அறுக்கும்.

நடுவில் காற்று சட்டென்று நின்றால் முடிந்துவிட்டது என்று கதவைத் திறக்காதீர்கள். அது கண்ணாக இருக்கலாம். வர்தாவில் சென்னை அதைப் பார்த்தது: ஓர் இடைவெளி, பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் காற்று. முதல் காற்றில் ஒருபக்கம் சாய்ந்து நின்ற மரம் இரண்டாம் காற்றில்தான் விழும். அதோடு, கண் உங்களுக்கு மேலேயோ தெற்கேயோ கடந்தால், இரண்டாம் பாதியில் காற்று கடலிலிருந்து வீசும். முதல் பாதியில் கடல் வரவில்லை என்பதால் இனி வராது என்று ஆகாது.

வடிந்த பிறகு வீட்டுக்குள் போவதற்கு அவசரப்படாதீர்கள். தெருத் தண்ணீரில் திறந்த சாக்கடைக் குழி தெரியாது. கழியால் தட்டிப் பார்த்து, தெருவின் நடுவில் நடங்கள். அறுந்த வயர் கிடந்தால் அந்தத் தெருவுக்கே போக வேண்டாம். உப்புநீர் நனைத்த ஸ்விட்ச், மீட்டர் பெட்டி, மோட்டார், ஃபிரிட்ஜ் எதையும் காய்ந்துவிட்டது என்று போட்டுப் பார்க்காதீர்கள். மழைநீர் காய்ந்தால் போய்விடும், உப்பு போகாது. அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்து, வாரங்கள் கழித்தும் ஷார்ட் ஆகும். எலக்ட்ரீஷியன் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, இன்சுலேஷன் சோதித்த பிறகே இணைக்க வேண்டும். ஸ்விட்சுகளை மாற்றிவிடுவதே நல்லது.

சம்ப்பில் கடல்நீர் புகுந்திருந்தால் காய்ச்சிப் பயனில்லை. காய்ச்சக் காய்ச்ச உப்பு கூடத்தான் செய்யும். முழுவதும் இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல நீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனியே வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, இரவு முழுக்க விட்டு, அதையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். பவுடர் போட்டு முதல்முறை நிரப்பிய நீரையே குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உறைக்கிணற்றை மட்டும் பெரிய மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைக்காதீர்கள். கடலோர மணலில் மேலே நல்ல நீர், அடியில் உப்புநீர். வேகமாக உறிஞ்சினால் அடியிலிருப்பது மேலே ஏறிவிடும். சிறிது சிறிதாக, நாள் இடைவெளி விட்டு இறைக்க வேண்டும். அடுத்த மழைகள்தான் அதை மெல்லச் சரிசெய்யும்.

சேற்றில் கால் வைத்தவர்கள் காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றே சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.